பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலை ஃபோனுக்கு மாற்றியது: வேலைக் குறிப்புகள்

பத்தாம் வகுப்பு அறிவியலில் நான்காவது அலகு மின்னோட்டவியல். அதை ஃபோனில் படிக்கத் தக்க டிஜிட்டல் பாடமாக மாற்றும் வேலையை ஒருவழியாக முடித்துவிட்டேன். கோவில்பட்டி பக்கம் ஒரு மாலைநேரப் படிப்பு மையத்துக்காகச் செய்தது. அங்கே வரும் இயற்பியல் சார் பல வருடமாகத் தானே எழுதிச் சேர்த்த குறிப்புகளை வைத்துத்தான் பாடம் எடுப்பார். "தம்பி, இத நம்ம பிள்ளைக செல்லுல படிக்கிற மாதிரி பண்ணிக் குடுங்க" என்று அவர் கேட்டதுதான் ஆரம்பம். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, என்ன செய்தேன், எதை ஏன் தூக்கி எறிந்தேன் என்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

டிஜிட்டல் பாடநூல் என்றதும் எல்லோரும் கேட்பது அனிமேஷன் இருக்கிறதா, வீடியோ இருக்கிறதா, பின்னணியில் இசை வருமா என்றுதான். இந்த வேலையில் எனக்கும் சாருக்கும் அதிக நேரம் பிடித்தது வேறொன்று: தவறான விடைகளை எழுதுவது. அது ஏன் என்று கீழே விரிவாக வரும். அதற்கு முன்னால் எழுத்துரு பஞ்சாயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சாரின் குறிப்புகள் எல்லாம் வேர்டு கோப்புகள், பாமினி எழுத்துருவில் அடித்தவை. தட்டச்சு நிலையத்தில் பழகியவர், விரல் அதற்குத்தான் ஓடும். பாமினி கோப்பில் உள்ளே இருப்பது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியிருக்கும், அவ்வளவுதான். இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் போட்டால் யூனிகோடாக (தமிழைத் தமிழாகவே எல்லாக் கருவிகளும் அடையாளம் காணும் பொதுக் குறியீடு) மாறிவிடும் என்று நினைப்போம், பெரும்பாலும் மாறவும் செய்யும். ஆனால் இயற்பியல் குறிப்பில் ஒரு வில்லங்கம் உண்டு. வி = ஐஆர் என்று ஆங்கில எழுத்தில் இருக்கும் ஓம் விதியைப் பார்க்கும்போது அந்த மாற்றி, அதுவும் பாமினிதான் என்று நினைத்துக்கொண்டு 'ஏ = ஐசு' என்று மாற்றி வைத்துவிடும். பாடம் முழுக்கச் சூத்திரம் இருக்கிற இடத்தில் எல்லாம் ஐசு. சார் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

தீர்வு இதுதான்: எழுத்தை மட்டும் நகலெடுத்து மாற்றியில் ஒட்டக் கூடாது. வேர்டு கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் எந்த எழுத்துரு என்ற விவரம் சேர்ந்தே இருக்கும். பைதான் என்ற நிரல்மொழியில் வேர்டின் டாக்எக்ஸ் கோப்புகளைப் படிக்கும் ஆயத்த நிரலகத்தை வைத்து, பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றிவிட்டு, டைம்ஸ் எழுத்துருவில் இருந்ததைத் தொடாமல் விட்டேன். சூத்திரங்கள் பிழைத்தன.

அதோடு முடியவில்லை. பாமினியில் அடித்துப் பழகியவர்கள் பலர் 'ர்' வரும் இடத்தில் ர-வுக்குப் பதில் கால் போட்டுப் புள்ளி வைப்பார்கள், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. யூனிகோடுக்கு வந்ததும் அது 'அவா்கள்', 'எதிா்' என்று நிற்கும். திரையில் பார்த்தால் சரிபோல இருக்கும். தேடினால் கிடைக்காது, படித்துக் காட்டும் செயலி திக்கும். காலுக்குப் பின்னால் புள்ளி வந்தால் அதை ர் ஆக்கு, காலுக்குப் பின்னால் கொக்கி வந்தால் ரி ஆக்கு என்று ஒரு சின்ன விதி எழுதி ஓட்டினேன். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடந்த 'கொ', 'மொ' எல்லாம் யூனிகோடின் இயல்பாக்கல் கட்டளையை ஓட்டியதும் ஒட்டிக்கொண்டன. அலுப்பான வேலைதான். ஆனால் தேட முடியாத, சத்தமாகப் படித்துக் காட்ட முடியாத எழுத்தை வைத்துக்கொண்டு அதை டிஜிட்டல் என்று சொல்வதில் அர்த்தமில்லை. அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கி 'மின்னூல்' என்று வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதை ஆறங்குல ஃபோனில் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அடுத்து, எந்த வடிவம். இபப் என்பதுதான் மின்னூலுக்கான தரம், 2023-இல் அதன் 3.3 பதிப்பை வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரையாக வெளியிட்டிருக்கிறது, உள்ளே பார்த்தால் வலைப்பக்கங்களைக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம்தான். எனக்கு அது பிடிக்கும். ஆனால் என் பாடத்தில் பக்கத்துக்குப் பக்கம் கேள்வி, கேள்விக்குத் தக்க பதில் என்று ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள்ளேயே இயங்கும் நிரல்) ஓட வேண்டும். இபப் தரத்தில் அதை ஆதரிப்பதும் விடுவதும் படிக்கும் செயலியின் விருப்பம். ஒரு செயலியில் ஓடும், இன்னொன்றில் பட்டன் செத்துக் கிடக்கும். பிள்ளைகளிடம் இந்தச் செயலியைத்தான் போட வேண்டும் என்று கட்டளையிட முடியாது, பாதிப் பேர் கையில் இருப்பது அம்மாவின் ஃபோன்.

ஆகவே ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு, அதாவது ஒரு வலைப்பக்கம். வாட்ஸாப்பில் அனுப்பினால் தொட்டதும் உலாவியில் திறக்கும், இணையம் வேண்டாம். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இப்படித் திறக்கும் கோப்பு பக்கத்தில் இருக்கும் படக் கோப்பை எடுக்க முடியாது, ஆண்ட்ராய்டு விடாது. அதனால் படம், பக்கத்தின் தோற்ற விவரம், நிரல் எல்லாமே அந்த ஒற்றைக் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். மின்சுற்றுப் படங்கள் எல்லாவற்றையும் எஸ்விஜி-யாக (கோடுகளையும் எழுத்தையும் விவரமாகவே வைக்கும் பட வடிவம்) வரைந்தேன், கோடுகள்தானே, கனமே இல்லை. தமிழ் எழுத்துருவை உள்ளே பொதிய வேண்டிய தேவையும் வரவில்லை, ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. கடைசியில் முழுப் பாடமும் ஃபோனில் எடுத்த ஒரு புகைப்படத்தைவிடச் சின்னதாக வந்தது.

வரி அமைப்பில் இரண்டு விஷயம். ஆங்கிலப் பக்கத்துக்கு வைக்கிற வரி இடைவெளி தமிழுக்குப் போதாது, மேல் வரியின் 'கு', 'மு' கீழ் வரியின் கொக்கியில் இடிக்கும். எழுத்து உயரத்தைப் போல 1.7 மடங்கு வைத்தேன். இரண்டாவது, அச்சுப் புத்தகம் மாதிரி இரண்டு ஓரமும் நேராக நிற்கட்டும் என்று வைத்தால் 'மின்னழுத்த வேறுபாட்டிற்கும்' மாதிரி நீள வார்த்தைகள் சின்னத் திரையில் வரியில் பாதியைப் பிடித்துக்கொண்டு, மீதி இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு பஸ் போகிற அளவு இடம் விடும். இடது ஓரம் மட்டும் நேராக விட்டுவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வடிவத்தில் பாடம் ஒரே நீளப் பக்கமாக இருந்தது, ரீல்ஸ் பார்க்கிற விரல் அதை எப்படி நடத்தும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு இழுப்பு இழுத்தால் ஓம் விதியில் ஆரம்பித்து ஜூல் வெப்ப விதியில் போய் நிற்கிறது. சான்செஸ், வைலி என்ற இருவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் உருட்டிப் படிப்பதும் பக்கம் பக்கமாகப் படிப்பதும் ஒன்றல்ல, உருட்டிப் படிக்கும்போது புரிதல் குறைகிறது, அதிலும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளும் திறன் குறைந்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைகிறது என்று சொல்லியிருந்தார்கள். பக்கங்களாக வெட்டினேன். ஒரு பக்கத்தில் ஒரு கருத்து, அதற்கான படம், ஒரு கேள்வி. கேள்விக்கு ஏதோ ஒரு விடையைத் தொட்ட பிறகுதான் 'அடுத்து' பட்டன் வரும். சரியான விடையாக இருக்க வேண்டும் என்பதில்லை, தொட்டால் போதும்.

ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அச்சுப் பாடநூலின் பக்க எண்ணையும் போட்டேன். இது சாரின் யோசனை. வகுப்பில் எந்த வாத்தியாரும் பக்க எண்ணைச் சொல்லித்தான் பேசுவார், ஃபோனில் அந்த எண்ணைப் போட்டால் அந்த இடத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் இதை வகுப்புக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாக ஒதுக்கிவிடுவார்கள் என்றார். இபப் தரத்திலும் அச்சுப் பக்க எண்ணுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று உண்டு என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

கேள்வியை முதலில் எப்படி வைத்தேன் என்றால், கேள்வி, அதன் கீழே 'விடை காண்க' என்று ஒரு மடிப்பு. தொட்டால் விரியும், ஜாவாஸ்கிரிப்டே வேண்டாம், எச்டிஎம்எல்லிலேயே அதற்கு வசதி உண்டு. பார்க்க அழகாக இருந்தது. பிள்ளைகள் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் மடிப்பைத் தொட்டார்கள், விடையைப் பார்த்தார்கள், "ஆமா, தெரியும்" என்றார்கள், நகர்ந்தார்கள். அந்தத் 'தெரியும்' ரொம்ப ஆபத்தானது. விடையைப் பார்த்ததும் ஏற்கெனவே தெரிந்த மாதிரிதான் எல்லோருக்கும் தோன்றும். அதனால் மடிப்பு போனது, விடைகளைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது.

இங்கேதான் தவறான விடைகள். ஒரு பக்கத்தை மட்டும் முழுசாகக் காட்டுகிறேன்.

6 வோல்ட் மின்கல அடுக்கு. அதோடு 12 ஓம் பல்புகள் இரண்டு, தொடரிணைப்பில். கேள்வி: எந்தப் பல்பு அதிகமாக ஒளிரும்? விடைகள் மூன்று: மின்கலத்தின் நேர்முனைக்கு அருகில் இருப்பது, தள்ளி இருப்பது, இரண்டும் ஒரே அளவு. இந்தப் பக்கம் தொடரிணைப்பு விளக்கத்துக்கு முன்னாலேயே வருகிறது. சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் ஏன் கேட்க வேண்டும் என்று சாருக்கே முதலில் ஒப்பவில்லை. படிக்கும் முன் ஊகித்துச் சொல்லி, அது தவறாகப் போனாலும், அதற்கப்புறம் படிப்பது நன்றாக நிற்கிறது என்று ரிச்லண்ட், கோர்னெல் குழு 2009-இல் காட்டியிருக்கிறார்கள். நான் இதைச் சொன்னதும், சரி பார்ப்போம் என்றார்.

முதல் விடையைத் தொடுகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் மனதில் இருப்பது ஊருக்குத் தெரிந்த ஒரு எண்ணம்: மின்னோட்டம் போகிற வழியில் பல்பு கொஞ்சத்தைச் செலவழித்துவிடும், மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகும். இது கோவில்பட்டிப் பிள்ளைகளின் எண்ணம் மட்டும் இல்லை. நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்ன் 1980-களின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டபோதும் இதேதான் வந்தது. இவ்வளவு பரவலான எண்ணத்துக்கு 'தவறு! சரியான விடை மூன்றாவது' என்று ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டால் என்ன நடக்கும்? அவர்கள் மூன்றாவதை மனப்பாடம் செய்துகொண்டு, பழைய எண்ணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

ஆகவே முதல் விடையைத் தொட்டால் வருவது இது: "முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தீர்களா? அப்படியானால் முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்குப் பின்னால் என்று மூன்று இடத்தில் அம்மீட்டர் வைத்தால் அளவு குறைந்துகொண்டே போக வேண்டும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்." மூன்று வட்டங்கள். தொட்டால் 0.25 ஆம்பியர், 0.25, 0.25. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: "மின்னோட்டம் குறையவில்லை. அப்படியானால் பல்பு எதைத்தான் எடுத்துக்கொள்கிறது?" அடுத்த பக்கம் மின்னழுத்த வேறுபாடு, ஆற்றல். மூன்றாவது விடையை நேராகத் தொட்டவர்களுக்கும் அம்மீட்டர் வரும், சும்மா அடித்துவிட்டவர்கள் அதில் எப்படியும் இருப்பார்கள்.

இரண்டாவது விடையைக் கணக்குக்காகச் சேர்த்ததுதான், யாரும் தொட மாட்டார்கள் என்று இருந்தேன். ஒரு பெண் தொட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அண்ணே, எலக்ட்ரான் எதிர்முனையில இருந்துதான வருது, அப்ப தள்ளி இருக்கிறதுதான மொதப் பல்பு?" என்றாள். எண்ணம் அதே பழைய எண்ணம்தான், ஆனால் எலக்ட்ரான் ஓடும் திசையும் மரபு மின்னோட்டத்தின் திசையும் எதிரெதிர் என்ற பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறாள். வகுப்பில் பாதிப் பேருக்கு அது தெரியாது. இந்த விடைக்கும் தனியாக ஒரு விளக்கம் எழுதினோம்: முதலில் திசையைப் பற்றிச் சரியாக யோசித்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி, பிறகு அம்மீட்டர்.

இப்போது புரிந்திருக்கும், நேரம் எங்கே போனது என்று. ஒரு கேள்விக்கு மூன்று விடை என்றால் மூன்று விளக்கம், ஒவ்வொன்றும் அதைத் தொட்ட பிள்ளை என்ன நினைத்துத் தொட்டிருக்கும் என்று யோசித்து எழுத வேண்டும். யோசித்துக் கிடைக்காது, பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். நாங்கள் செய்தது, விடைகள் இல்லாமல் கேள்வியை மட்டும் காகிதத்தில் கொடுத்து 'ஏன்' என்று ஒரு வரி எழுதச் சொன்னோம். அந்தக் காகிதங்களில் இருந்த காரணங்கள்தான் தவறான விடைகளாயின. 'மேற்கண்ட எதுவும் இல்லை', 'அனைத்தும் சரி' இரண்டையும் தூக்கிவிட்டோம், அவற்றைத் தொடுகிறவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஒன்றும் தெரியாது.

பக்க இணைப்புக் கேள்வி இன்னும் சுவாரசியம். அதே 6 வோல்ட் மின்கல அடுக்கில் ஒரே ஒரு 12 ஓம் பல்பு எரிகிறது, பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றைப் பக்க இணைப்பில் சேர்க்கிறோம். முதல் பல்பு மங்குமா, அப்படியே இருக்குமா? மங்கும் என்பார்கள், மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும், அதைப் பங்கு போட வேண்டும் என்ற நினைப்பு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மாட் குழு கல்லூரி மாணவர்களிடமே இதைப் பார்த்திருக்கிறது. கணக்குப்படி முதல் பல்பில் தனியாக எரிந்தபோது இருந்த அதே 0.5 ஆம்பியர், மொத்தம் 1 ஆம்பியர், மங்காது. அப்படித்தான் எழுதி வைத்தோம். மையத்தில் ஒரு பையன் டார்ச் பல்பும் பேட்டரியும் கொண்டுவந்து இணைத்துக் காட்டினான், "அண்ணே, கொஞ்சம் மங்குதே". மங்கத்தான் செய்தது. பழைய பேட்டரி, உள்ளே மின்தடை அதிகம், அதிக மின்னோட்டம் இழுத்தால் முனைகளுக்கு இடையில் மின்னழுத்தம் இறங்கும். அது இந்தப் பாடத்தில் தேவைப்படாத விஷயம்தான், ஆனால் கண்ணால் பார்த்ததைப் புத்தகம் இல்லை என்று சொன்னால் அவன் அப்புறம் புத்தகத்தை நம்ப மாட்டான். 'நிஜ மின்கலத்தில் லேசாக மங்கலாம், அதற்குக் காரணம் மின்கலத்தின் உள்ளேயே இருக்கும் மின்தடை' என்று ஒரு வரி சேர்த்தோம்.

இதே காரணத்துக்காகத் தொடரிணைப்புப் பக்கத்திலும் ஒரு குறிப்பு உண்டு. ஒரு பல்பு தனியாக இருந்தால் 0.5 ஆம்பியர், 3 வாட். இரண்டைத் தொடராக இணைத்தால் 0.25 ஆம்பியர், ஒவ்வொன்றும் 0.75 வாட், அதாவது கால் பங்கு. இது மின்தடை மாறாமல் இருந்தால் வரும் கணக்கு. நிஜப் பல்பில் இழை சூடு குறைந்தால் மின்தடையும் குறையும், ஆகவே மின்னோட்டம் சரிபாதிக்கு இறங்காது, கொஞ்சம் கூடவே இருக்கும். மல்டிமீட்டர் வைத்து அளந்து பார்க்கச் சொல்லும் பக்கத்தில் பல்புக்குப் பதிலாகச் சாதாரண மின்தடையங்களை வைத்துவிட்டோம், ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும், கணக்கும் அளவும் ஒத்துப்போகும்.

படங்களைப் பற்றி. அச்சுப் புத்தகங்களில் படத்தில் 1, 2, 3 என்று எண் போட்டு, கீழே எண்ணுக்கு என்ன பெயர் என்று பட்டியல் போடுவது வழக்கம். சின்னத் திரையில் படம் மேலே போய்விடும், பட்டியல் கீழே இருக்கும், கண் இரண்டுக்கும் நடுவே அலையும். சாண்ட்லரும் ஸ்வெல்லரும் 1990-களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்து, விளக்கத்தைப் படத்தின் மேலேயே, அந்தந்த உறுப்பின் பக்கத்திலேயே எழுதினால் கற்பது எளிதாகிறது என்று காட்டிவிட்டார்கள். எஸ்விஜி-யில் தமிழ் எழுத்தும் எழுத்தாகவே இருக்கும், ஆகவே 'மின்தடை', 'சாவி', 'அம்மீட்டர்' எல்லாம் உறுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. சிவப்புக் கம்பி, பச்சைக் கம்பி என்று நிறத்தை மட்டும் நம்பவில்லை. ஒன்று முழுக்கோடு, மற்றது விட்டு விட்டு வரும் கோடு. வெளிர் சாம்பல் நிறக் கோடுகள் வெயிலில் மறைந்துபோகின்றன, எல்லாம் கறுப்பு. பார்வை குறைந்தவர்கள் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துக் கேட்டால் படத்துக்குப் பதில் என்ன வர வேண்டும் என்பதற்கு, நேர்முனையில் தொடங்கி மின்னோட்டம் போகும் வரிசையிலேயே உறுப்புகளைச் சொல்லும்படி ஒரு விளக்கம் எழுதி உள்ளே வைத்தேன். 'மின்சுற்றுப் படம்' என்று மட்டும் எழுதிவைப்பதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

ஓம் விதிக்கு ஒரு இழுபட்டி வைத்தேன், மின்தடையை மாற்றினால் மின்னோட்டம் மாறும், பக்கத்தில் வரைபடத்தில் புள்ளி நகரும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்கு வேகமாக இழுத்துப் புள்ளியைப் பறக்கவிட்டு விளையாடினார்கள், ஓம் விதி அப்படியே இருந்தது. பிறகு பட்டியைப் பூட்டிவிட்டு முதலில் கேள்வி: மின்னழுத்தம் 6 வோல்ட், மின்னோட்டம் 0.5 ஆம்பியர் வர வேண்டும், மின்தடை எவ்வளவு வைப்பீர்கள்? எண்ணைப் போட்ட பிறகு பட்டி திறக்கும், தான் சொன்னது வருகிறதா என்று இழுத்துப் பார்க்கலாம். இப்போது மெதுவாக இழுக்கிறார்கள். முழுச் சுற்றையும் தாங்களே கட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகச் செயலிகளில் மின்சுற்றுக்கென்று நல்ல ஒன்று இருக்கிறது, இறக்கி வைத்து இணையம் இல்லாமலும் ஓட்டலாம், மையத்துக் கணினியில் போட்டு வைத்திருக்கிறோம்.

வெட்டியவை: வீடியோ முழுக்க. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களிலேயே க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் காணொளி வரும், அதை மறுபடி நான் செய்வதில் என்ன இருக்கிறது. எடிசனின் வாழ்க்கை, மின்விலாங்கு மீன், இடியில் எத்தனை வோல்ட் என்று சார் சேர்த்து வைத்திருந்த துணுக்குகளையும் பாடத்தின் நடுவில் இருந்து எடுத்துக் கடைசியில் ஒரு தனிப் பக்கமாக வைத்துவிட்டேன். சாருக்கு மனசே இல்லை. ஆனால் சுவையான துணுக்கு நடுவில் வந்தால் பிள்ளைகள் துணுக்கை ஞாபகம் வைத்துக்கொண்டு பாடத்தை விட்டுவிடுகிறார்கள் என்பதை ரிச்சர்ட் மேயர் உள்ளிட்டோர் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள், எங்கள் மையத்திலும் மின்விலாங்கு மீனைத்தான் எல்லோரும் சொன்னார்கள். நட்சத்திரம், பதக்கம், யார் முதல் என்ற பட்டியல், இவை எதுவும் இல்லை. கேட்டார்கள், கொடுக்கவில்லை.

பாடத்தைப் படிப்பதைவிடக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு ஏன் இவ்வளவு இடம் என்று ஒரு பெற்றோர் கேட்டார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கோடிங்கர் குழு 2015-இல் ஒரு இணையவழி உளவியல் பாடத்தின் தரவை எடுத்துப் பார்த்ததில், கூடுதலாகப் பயிற்சி செய்வதன் பலன் கூடுதலாக வீடியோ பார்ப்பதையும் படிப்பதையும் போல ஆறு மடங்கு என்று வந்தது. அது கல்லூரி அளவிலான பாடம், அப்படியே பத்தாம் வகுப்புக்குப் பொருத்த முடியாது. எனக்கு அதைவிடப் பெரிய காரணம், ஃபோனால் முடிகிற, காகிதத்தால் முடியாத ஒரே காரியம் இதுதான்: நீ என்ன சொன்னாயோ அதற்குத் தக்க பதில். நீளமாகப் படிப்பதற்குக் காகிதம்தான் மேல். 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளைத் தொகுத்து டெல்காடோ குழு 2018-இல் வெளியிட்டதும் அதையேதான் சொல்கிறது, தகவல் நிறைந்த பாடங்களிலும் நேரம் குறைவாக இருக்கும்போதும் காகிதத்தில் படித்தவர்களுக்கே புரிதல் கூடுதல். தென்கொரியாவில் 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுப் பாடநூல்களைப் பள்ளிகளில் இறக்கி, அதே ஆகஸ்டில் அவற்றுக்குப் பாடநூல் என்ற தகுதியையே எடுத்துவிட்டுத் துணைக்கருவி என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் கோப்பை நாங்கள் முதலிலிருந்தே துணைக்கருவி என்றுதான் சொல்கிறோம். அச்சுப் புத்தகம் பக்கத்தில் திறந்திருக்க வேண்டும், கணக்கை நோட்டில்தான் போட வேண்டும், ஃபோனில் விடையை மட்டும் சரிபார்க்கலாம்.

கணக்குகளில் இன்னொரு சின்ன ஏற்பாடு. முதல் கணக்கு முழுக்கத் தீர்த்துக் காட்டப்பட்டிருக்கும். இரண்டாவதில் கடைசி வரி மட்டும் காலி. மூன்றாவதில் கடைசி இரண்டு வரி. நான்காவதில் தரவு மட்டும். அலகை விட்டுவிட்டு '12' என்று மட்டும் போட்டால் "12 என்ன? ஓமா, வோல்ட்டா?" என்று கேட்கும். பொதுத்தேர்வில் அலகு போடாமல் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறவர்களுக்காகச் சார் வற்புறுத்திச் சேர்த்தது.

மதிப்பெண்ணைச் சேமித்து வைக்கும் வசதி இல்லை. வாட்ஸாப்பில் இருந்து திறக்கும் கோப்பில் அதை நம்பிச் செய்ய முடியவில்லை, மூடித் திறந்தால் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். முதலில் குறையாகத் தெரிந்தது, ஆனால் அடுத்த வாரம் அதே பாடத்தை மறுபடி திறக்கிற பிள்ளை அதே கேள்விகளுக்கு மறுபடி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அது ஒன்றும் கெட்டதில்லை. யார் எதைத் தொட்டார்கள் என்று சாருக்குத் தெரிய வேண்டும் என்பது மட்டும் பாக்கி இருக்கிறது. இப்போதைக்குப் பாடத்தின் கடைசிப் பக்கத்தில், தொட்ட விடைகளை 'அஆஇ' என்று ஒரு வரியாகக் காட்டுகிறேன், பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். சார் நோட்டைப் புரட்டினாலே எந்தக் கேள்வியில் கூட்டமாக 'அ' விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது, மறுநாள் அதிலிருந்து பாடத்தை ஆரம்பிக்கிறார். சர்வர், கணக்கு, கடவுச்சொல் எதுவும் வேண்டாம் என்பதால் எனக்கும் நிம்மதி.

அடுத்து ஒளியியல் அலகை எடுக்கப் போகிறோம். அதில் கதிர்ப் படங்கள் நிறைய, எஸ்விஜி வரைவதைவிடக் குறியீட்டு மரபுதான் எனக்குப் பயம். பொருளின் தொலைவு எதிர்க்குறியா நேர்க்குறியா என்பதில் பிள்ளைகள் எத்தனை விதமாகக் குழம்புவார்கள் என்று தெரிந்தால்தான் தவறான விடைகளை எழுத முடியும். கேள்வித்தாளைச் சார் ஏற்கெனவே கொடுத்துவிட்டார், 'ஏன்' என்ற வரிக்கு இந்த முறை கொஞ்சம் அதிகமாக இடம் விட்டு.